இடியன் துவக்குக்கு அளவு கண்டவன் நான்

நிந்தவூரில் பிரதான வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் நெல் மில்லைக் கட்டியவன் நான். வங்கியில் கடன் கேட்டேன், இல்லை என்றார்கள். சொந்தக்காரர் சிரித்தார்கள். கழித்துப் போட்ட லொறி எஞ்சின் ஒன்றைத் தூக்கி வந்து பூட்டி, அதில் முதல் மூட்டையைக் குற்றினேன். ஒரே வளவில் இரண்டு வீடு கட்டினேன். முதல் வீட்டைக் கடல் எடுத்தது. அது மிச்சம் வைத்த அத்திவாரத்தின் மேலேயே இரண்டாவதை எழுப்பினேன். சாகாமத்து வயல் பாதையில் மாரிக்கு மாரி உடைந்த மதகை, எந்த அரசாங்கக் கந்தோரும் திரும்பிப் பார்க்காத காலத்தில், என் கையால் கொங்கிறீட் போட்டு நிறுத்தினேன். அதன் மேல் இப்போது டிரக்டர் போகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலைகள் இவை.

இவையெல்லாம் ஊருக்குத் தெரியும். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியாக நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

சாகாமக் குளத்துக்குக் கீழே, கடைசி வாய்க்காலில் எனக்கு வயல் இருக்கிறது. அந்த வாய்க்கால் நீரில் விளைகிற வயல்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு வட்டை. எங்கள் வட்டையில் ஒன்பது குடும்பம். ஐந்து எங்கள் முஸ்லிம் ஆட்கள், நான்கு திருக்கோவில் ஊர்ப் பக்கத்துத் தமிழ் ஆட்கள். வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டிலிருந்து பன்றி இறங்கும். அது தின்பது கொஞ்சம், உழக்குவதுதான் பெரிசு.

ஒன்பது குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு துவக்கு, என் பெயரில் லைசன் எடுத்த இடியன் துவக்கு. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்து, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுட வேண்டும். இடிப்பதால் இடியன். சத்தம் பெரிசு. குறிதான் அதற்கு இல்லை. பல வருடமாக நான் அதைச் சத்தத்துக்கே வைத்திருந்தேன். பன்றிகளும் அதைத் தெரிந்து வைத்திருந்தன.

போன பெரும்போகத்தில், மாரிப் பயிர்க் காலத்தில், ஒரு நாள் விடியலில் சுபஹு தொழுது முடித்து வரம்பில் நின்றேன். நல்ல வெளிச்சம். கிழட்டு ஆண் பன்றி ஒன்று என் வயலின் நடுவில் நின்று சாவகாசமாகத் தின்றது. சுட்டேன். பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. குண்டு பக்கத்து வயலுக்குப் போய், அந்த வயல்காரரின் வாடிக் குடிசைக்கு முன்னால் இருந்த நீலத் தண்ணீர் ட்ரம்மைத் துளைத்தது. ட்ரம்முக்கு நாலடி தள்ளி அவர் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

அவர் திருக்கோவில்காரர், என்னை விடப் பத்து வயது இளையவர். ட்ரம்மிலிருந்து தண்ணீர் பீறிட்டு ஓட, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லால், வாயில் நுரையோடு கத்தினார்.

"காக்கா! பண்டி அங்கால நிக்கி, நான் இஞ்சால நிக்கன். ரெண்டு பேருக்கும் வித்தியாசம் விளங்கல்லியா?"

"உங்கட பக்கம் காத்து இழுத்துப் போட்டுது தம்பி!"

"காத்தா? மரத்தில இலை ஒண்டு அசையல்ல!"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அன்று அவர் போன பிறகு, அவர் நின்ற இடத்திலிருந்து ட்ரம் வரைக்கும் காலால் அளந்து பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

கோடையில் வருகிற சிறுபோகத்துக்கு முன்னால் ஆரம்பக் கூட்டம் நடந்தது. எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது என்பதைத் தீர்மானிக்கிற கூட்டம் அது. அன்று தண்ணீரைப் பற்றிப் பேசி முடித்ததும் ட்ரம்மைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டைவிதானை நேர்மையான மனிதர், ஆனால் கல் மாதிரி.

"லைசன் புதுப்பிக்கிறதெண்டா விவசாயிகள் சங்கத்திட கடிதம் வேணும். ஆளுக்கு நாலடி தள்ளிப் போற துவக்குக்கு நான் எப்பிடிக் கடிதம் தாற?" என்றார்.

பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். "துவக்கு என்னத்துக்கு? கரண்டுக் கம்பி இழுப்பம். ரெண்டு நாளையில பண்டிப் பிரச்சினை முடிஞ்சிரும்."

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. கம்பிக்குப் பன்றி எது, தண்ணீர் கட்டப் போகிற மனிதன் எது என்று தெரியாது. நான் எழும்பிச் சொன்னேன்.

"என்ட குண்டு பிழைச்சா ஒரு ட்ரம் போகும். உங்கட கம்பி பிழைச்சா ஒரு பொம்புள புருஷன இழந்து இத்தாவில இருக்க வேண்டி வரும். எனக்கு அவகாசம் தாங்க. இந்தத் துவக்க நான் குறி பாக்க வைக்கன்."

கூட்டம் சிரித்தது. வட்டைவிதானை சிரிக்கவில்லை. "சிறுபோகம் கதிர் பறிஞ்சு வெளிய வாறதுக்கு முன்னம், எல்லாருக்கும் முன்னால அஞ்சு வெடி வையுங்க. நாலு படோணும். படாட்டிக் கடிதம் இல்ல. பிறகு அவங்க கம்பி இழுத்தா நான் மறிக்க மாட்டன்."

"நானும் கூட வாறன். என்ட ட்ரம்முக்கு நீதி வேணும்" என்றார் திருக்கோவில்காரர்.

குளத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஆள் உயரப் புற்று ஒன்று இருந்தது. அதன் முன்னால் வெள்ளை உரப்பையைத் தொங்கவிட்டு, கரியால் வட்டம் போட்டேன். பிழைக்கிற குண்டைப் புற்று விழுங்கிக்கொள்ளும். ஐம்பது காலடி பின்னால் வந்து நின்று சுடுவேன். திருக்கோவில்காரர் எனக்குப் பின்னால் நிற்பார். "இப்ப இதுதான் சாகாமத்திலேயே பாதுகாப்பான இடம்" என்பார்.

முதல் கிழமை நான் செய்தது, பயிர் செய்கிற கமக்காரனின் பிழை. பன்றி பெரிசு, ஆகவே மருந்தும் கூட வேண்டும் என்று நினைத்தேன். யூரியாவைக் கூடக் கொட்டினால் பயிர் கூட வரும் என்று நினைக்கிறவனின் புத்தி அது. துவக்கு தோளில் உதைத்தது. தோள் கத்தரிக்காய் நிறமானது. உரப்பையில் ஒரு குண்டு மேலே, ஒன்று கீழே, ஒன்று எங்கே என்றே தெரியாது. தும்பை மாற்றினேன், குண்டை மாற்றினேன், மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

விடை மில்லில் கிடைத்தது. ஒரு காலை அரிசி உடைந்து உடைந்து விழுந்தது. போய்ப் பார்த்தால், மெசினில் நின்றவர் மூன்று திருகாணியையும் ஒரே நேரத்தில் திருப்பி வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"மூண்டையும் ஒண்டாத் திருப்பினா எது சரி, எது பிழையெண்டு எப்பிடி விளங்கும்? ஒண்டத் திருப்பு. அரிசியப் பாரு. பிறகு மத்தது!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். துவக்கில் நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். நாற்பது வருடம் மில்லில் செய்யாத பிழையைக் குளத்துக்குப் பின்னால் போய்ச் செய்திருக்கிறேன். அந்த நிமிடத்தில்தான் வேலை தொடங்கியது. அதற்கு முன் நடந்தது வெறும் சத்தம்.

மருந்தை அளக்க வெறும் அத்தர் குப்பி ஒன்றை எடுத்தேன். அதன் வெளியில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் வரைக்கும் மருந்து, மூன்று வெடி. பிறகு நூலை மயிரிழை இறக்கி மறுபடி மூன்று வெடி. மற்ற எதிலும் கை வைப்பதில்லை. எனக்குக் கணக்கெழுதி வைக்கிற பழக்கமில்லை. ஒவ்வொரு உரப்பையையும் கழற்றி வந்து மில் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றின் மூலையிலும் அந்தந்த அளவுக்கான நூல் துண்டு. படித்தவனுக்குக் கொப்பி, எனக்குச் சாக்கு.

குப்பியில் அத்தர் வாசம் போகவே இல்லை. "பண்டிக்கு அத்தர் பூசி அனுப்புறயளா காக்கா? மாப்பிள்ளை மாதிரிப் போகும்" என்றார் திருக்கோவில்காரர்.

நூல் இறங்க இறங்க ஓட்டைகள் ஒன்றை ஒன்று நெருங்கின. ஓரிடத்துக்கு மேல் இறக்கினால் மறுபடி சிதறின. அந்த இடத்தில் நூலை நிறுத்தினேன். ஆனாலும் ஓட்டைகள் பரந்த வட்டம், அரிசி புடைக்கிற ஒரு சுளகு அளவுக்கு இருந்தது. பன்றியின் நெஞ்சு சுளகு அளவு இல்லை.

இரண்டாவது திருகாணி குண்டு. குண்டைப் போட்டுத் துவக்கைச் சரித்தால் உள்ளே கடகடவென்று ஆடியது. ஆடுகிற குண்டு எப்படி நேரே போகும்? அதற்கு ஒரு சட்டை வேண்டும் என்று நினைத்தேன். கடையில் வாங்கி இடுப்பில் உடுத்த என் சாரனின் ஓரத்தைக் கிழித்து, குண்டைச் சுற்றி இடித்தேன். மூன்றாம் வெடிக்குக் கோல் இறங்க மறுத்தது. துணி உருகிக் குழலில் ஒட்டியிருந்தது.

வீட்டில் என் மனைவி அந்தத் துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தா. அவ மருதமுனைக்காரி, தறிச் சத்தத்தில் வளர்ந்தவ.

"இது நைலோன் கலந்தது. நெருப்புப் பட்டா உருகாம என்ன செய்யும்? பருத்தியில, நெருக்கமா நெய்ஞ்சது வேணும்." உள்ளே போய்ப் பழைய கைத்தறிச் சாரன் ஒன்றை எடுத்து வந்து வட்டம் வட்டமாக வெட்டினா. "துவக்குக்கு உடுப்புத் தைச்சுக் குடுக்கிற முதல் பொம்புள நானாத்தான் இருப்பன்."

கைத்தறித் துணி கருகியது, உருகவில்லை. ஆனால் இறுக்கமாக இருந்தது. வழுக்க ஏதாவது பூச வேண்டும். இங்கேதான் பெரிய பிழை ஒன்று செய்யப் பார்த்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் அது. குர்பானாக அறுத்த மாட்டின் இறைச்சியோடு வந்த கொழுப்பு வீட்டில் இருந்தது. நல்ல கெட்டி, துணியில் பூச அதை விட என்ன வேண்டும் என்று சட்டியை எடுத்தேன். மனைவி கையைப் பிடித்தா.

"குர்பான் கொழுப்பப் பண்டிக்கு அனுப்பப் போறயளா? அல்லாஹ்வுக்கு அறுத்ததக் கொண்டு போய் எதில முடிக்கிற?"

சட்டியை வைத்துவிட்டேன். மறுநாள் திருக்கோவில்காரரிடம் சொன்னேன். அவரும் கையை உதறினார்.

"நல்ல வேளை. மாட்டுக் கொழுப்புப் பூசின துவக்குக்குப் பக்கத்தில என்னால நிக்கேலாது. என்னட்ட பண்டிக் கொழுப்புக் கிடக்கு, தரட்டா?"

"அதத் தொடுறதெண்டா நான் துவக்கக் குளத்துக்க எறிஞ்சிருவன்."

"அப்ப உங்களுக்கும் ஆகாம, எனக்கும் ஆகாம, பண்டிக்கு மட்டும் ஆகிற கொழுப்பு எங்க கிடைக்கும்?"

இருவரும் வரம்பில் குந்தியிருந்து சிரித்தோம். பிறகு அவர் கோயில் விளக்குக்கு வாங்கிய இலுப்பெண்ணெயில் ஒரு போத்தல் கொண்டு வந்தார். அது தனியே ஆகவில்லை. எண்ணெய் வழிந்து மருந்தை நனைத்து, துவக்கு 'புஸ்' என்று இருமியது. நான் காட்டுத் தேன் விற்கிறவரிடம் மெழுகு வாங்கி, வெயிலில் வைத்து இளக்கி, எண்ணெயோடு கலந்தேன். விரலில் தொட்டால் ஒட்டும், ஆனால் வழியாது. அந்தப் பதத்தைக் கண்டது நான்தான்.

சுளகு இப்போது சோற்றுக் கோப்பை ஆனது. இன்னும் ஒன்று மிச்சம். திருக்கோவில்காரர்தான் கவனித்தார்.

"முதலாவது நல்லாப் போகுது. மூண்டாவது எப்பவும் கோணுது. கை களைக்குதா காக்கா? வயசு போனா அப்பிடித்தான்."

எனக்குச் சுரீர் என்றது. என் கை களைப்பதில்லை. கோபத்தில் குழலுக்குள் விரலை விட்டேன். கரி அப்பியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கரி கூடக் கூட, குண்டு இறங்குகிற வழி மாறுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத் துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. சோற்றுக் கோப்பை பால்மா டின்னின் வாய் அளவுக்கு வந்தது. கடைசி உரப்பையை மில் சுவரில் தொங்கவிட்ட அன்று, நெல் கொண்டு வந்த சனம் எல்லாம் நின்று பார்த்தது. முதல் சாக்கிலிருந்து கடைசிச் சாக்கு வரை நடந்தால், எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும்.

சோதனை நாள், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு. கச்சான் காற்று நாள் முழுக்க வீசிவிட்டு இளைக்கத் தொடங்கியிருந்தது. வட்டை முழுக்க வந்திருந்தது. கம்பி இழுக்க வேண்டும் என்றவர் முன் வரிசையில் நின்றார். திருக்கோவில்காரர் அந்த நீல ட்ரம்மையே தலையில் சுமந்து வந்து புற்றுக்கு முன்னால் வைத்தார். பழைய ஓட்டையைச் சுற்றி, பால்மா டின்னை வைத்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்.

"பல் விளக்கிற ஆளில்லாமச் சுடுங்க பாப்பம்" என்றார்.

முதல் வெடி, வட்டத்துக்குள். துடைத்தேன். இரண்டாவது, வட்டத்துக்குள். யாரோ கை தட்டினார்கள். வட்டைவிதானை மணிக்கூட்டைப் பார்த்து, "பொழுது பட்டு மஃரிப் சொல்லுறதுக்கு முன்னம் முடியுங்க, இன்னும் பேச வேண்டியது கிடக்கு" என்றார். கை தட்டல் ஒரு பக்கம், அவசரம் ஒரு பக்கம். நான் துடைக்க மறந்து இடித்தேன். மூன்றாவது வெடி ட்ரம்மின் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

கம்பிக்காரர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "பழைய துவக்கு, பழைய ஆள்."

இனி ஒன்றும் பிழைக்கக் கூடாது. ஆனால் ஏன் பிழைத்தது என்று எனக்குத் தெரியும். பழைய நாட்களில் பிழைத்தபோது காற்று என்றேன், கண் என்றேன். இந்தத் தடவை காரணம் கையில் இருந்தது. அந்தத் தெளிவு இருந்தால் மனிதனுக்குப் பயம் பாதியாகிவிடும்.

"நில்லுங்க. மஃரிப் ஓடிப் போகாது" என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். ஈரத் துணி, காய்ந்த துணி. நூல் வரைக்கும் மருந்து. துணிச் சட்டை, மெழுகு, குண்டு. கோலால் எப்போதும் இடிக்கிற அதே கணக்குக்கு இடித்தேன். காற்று ஓயும் வரை காத்து நின்றேன். நான்காவது, வட்டத்துக்குள். மறுபடி துடைத்தேன், ஒருவரையும் பார்க்காமல். ஐந்தாவது வெடிக்கு ட்ரம்மில் சத்தமே கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்த திருக்கோவில்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"பழைய ஓட்டைக்குள்ளாலயே போயிருக்கு! காக்கா, ட்ரம்முக்கு நீதி கிடைச்சிற்று!"

கடிதம் கிடைத்தது. லைசன் புதுப்பித்தாயிற்று. கம்பி இழுக்கவில்லை. கதிர் பால் பிடித்தபோது ஒரு விடியலில் அந்தக் கிழட்டுப் பன்றி மறுபடி வந்தது. ஒரே வெடி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருக்கோவில்காரரைக் கூப்பிட்டேன். அவர் தன் ஆட்களோடு வந்து இழுத்துப் போனார். எனக்கு அதில் பங்கில்லை, ஆனால் பின்னேரம் அவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி எருமைத் தயிர் வந்தது. அந்தப் போகம் ஒன்பது குடும்பமும் காட்டுக் கரை வரைக்கும் அறுவடை செய்தோம். தண்ணீர் கட்டப் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பினார்கள். இந்தப் பெரும்போகத்துக்கும் விதைத்திருக்கிறோம். பயிர் நன்றாக இருக்கிறது.

இனி என் வழக்கைச் சொல்கிறேன். சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "துவக்கு நல்ல நிலையில் உள்ளது எனக் காணப்பட்டது." இவ்வளவுதான். துவக்கு நல்லதாம்! ட்ரம்மைத் துளைத்ததும் அதே துவக்குத்தான். குழலும் கட்டையும் மாறவில்லை. மாறியது என்ன?

அதோடு முடியவில்லை. மற்ற வட்டைகளில் இடியன் துவக்கு வைத்திருக்கிற மூன்று பேர், என் குப்பியைப் போலக் குப்பி தேடி, என் நூல் நின்ற இடத்திலேயே சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள். கடிதம் கொடுத்தவர் அவர் என்பதற்காக அதற்கு 'வட்டைவிதானை அளவு' என்று பெயர். அவர் ஒரு சிட்டிகை மருந்தும் அளந்தவரில்லை. அளவு சரி வரவில்லை என்று அவர்களில் ஒருவர் மில்லுக்கு வந்து குறை சொன்னார். எப்படிச் சரி வரும்? என் நூல் என் குழலுக்குக் கண்ட நூல். ஒவ்வொரு குழலுக்கும் அதன் அளவு வேறு, அதைத் தேடத்தான் வேண்டும். நான் கண்டது நூல் நின்ற இடத்தை மட்டுமில்லை, அந்த இடத்தைத் தேடுகிற வழியை. ஒரு நேரத்தில் ஒரு திருகாணி. குறை சொன்னவரைச் சாக்குகளுக்கு முன்னால் நிறுத்திக் காட்டினேன். இப்போது அவர் துவக்கும் படுகிறது, வேறு நூலில்.

ஆகவே நான் கேட்பது இது. அறிக்கைப் புத்தகத்தில் அந்த வரியைத் திருத்த வேண்டும். என் பெயர் போட வேண்டாம், 'நிந்தவூர் மில்காரர்' என்றால் போதும், ஊருக்கு விளங்கும். 'இந்தத் துவக்குக்கு அளவு கண்டவரும், அளவு காணும் வழியைக் காட்டியவரும் இவரே' என்று எழுத வேண்டும். துணி அவர் மனைவியுடையது, எண்ணெயும் மூன்றாம் வெடி கோணுவதைப் பிடித்த கண்ணும் திருக்கோவில்காரருடையவை என்றும் எழுதலாம். உண்மை அது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை என் வரிக்குக் கீழே எழுத வேண்டும். அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு நான் பேனையோடு வருவேன்.